பழைய டர்ட் பைக்கின் சஸ்பென்ஷன்: பழுது நீக்குவதா, மேம்படுத்துவதா, மாற்றுவதா?

மண்பாதையிலும் கல்லிலும் பல ஆண்டுகள் ஓடிய டர்ட் பைக்கில் எஞ்சினின் தேய்மானம் ஒலியாகவும் புகையாகவும் தன்னை வெளிப்படுத்திக்கொள்கிறது. சஸ்பென்ஷனின் தேய்மானமோ சிறிது சிறிதாகக் கூடுவதால், ஓட்டுபவரின் உடல் தன்னையறியாமலே அதற்குப் பழகிப்போகிறது. முன்சக்கரம் வளைவில் வழுக்குவதையும் பின்சக்கரம் கற்களின் மேல் குதிப்பதையும் வண்டியின் இயல்பு என்றே பலர் எண்ணிவிடுகின்றனர். குறையை உணர்ந்தவர்களிலும் ஒரு சாரார், பழுது நீக்கினால் போதுமான இடத்தில் விலையுயர்ந்த புதிய பாகங்களை வாங்குகின்றனர். மற்றொரு சாரார், ஸ்பிரிங்கையே மாற்றவேண்டிய இடத்தில் எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு, பயனில்லை என்று கைவிடுகின்றனர். எந்த நிலையில் எந்த வழி பொருந்தும் என்பதை ஒப்பிட்டுக் காட்டுவதே இவ்வழிகாட்டியின் நோக்கம்.

ஒப்பீட்டுக்கு மையமாகச் சுஸுகி டிஆர்-இசட்400எஸ் என்னும் வண்டி இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த இந்த வண்டி, அமெரிக்கச் சந்தையில் 2024-ஆம் ஆண்டு மாதிரி வரை பெரிய மாற்றமின்றி விற்கப்பட்டது. ஆகவே இருபது ஆண்டு பழைய வண்டிக்கும் உதிரிபாகம் கிடைக்கிறது, அதற்கென ஸ்பிரிங்கும் வால்வும் செய்து விற்கும் தொழிலும் வளர்ந்திருக்கிறது. இதன் முன்பக்கத்தில் 49 மி.மீ. விட்டமுள்ள ஃபோர்க்கும், பின்பக்கத்தில் லிங்கேஜ் எனப்படும் நெம்புகோல் அமைப்பின் வழியே இயங்கும் ஒற்றை ஷாக் அப்சார்பரும் உள்ளன. சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தொலைவு, அதாவது அசைவுத் தொலைவு, முன்னே 288 மி.மீ., பின்னே 295 மி.மீ. ஆகும். பழுது பார்ப்பது, ஸ்பிரிங் மாற்றுவது, வால்வைத் திருத்துவது, வேறொரு வண்டியின் ஃபோர்க்கைப் பொருத்துவது, புதிய ஷாக் வாங்குவது ஆகிய எல்லா வழிகளும் இந்த ஒரே வண்டிக்குத் திறந்திருப்பதால் ஒப்பிடுவதற்கு இது மிகவும் ஏற்றதாகிறது.

எது தேய்கிறது, எது தேய்வதில்லை

சஸ்பென்ஷன் இரண்டு வேலைகளைச் செய்கிறது. வண்டியின் எடையையும் ஓட்டுபவரின் எடையையும் தாங்கி, மேட்டில் அமுங்கி, பள்ளத்தில் நீள்வது ஸ்பிரிங்கின் வேலை. அமுங்கிய ஸ்பிரிங் தன் போக்கில் துள்ளிக்கொண்டே இராதபடி, எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே தள்ளி அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றுவது தணிப்பு எனப்படும் வேலை. அமுங்கும்போது நிகழ்வது அமுக்கத் தணிப்பு. திரும்ப நீளும்போது நிகழ்வது மீள்நீட்சித் தணிப்பு. இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் செய்யப்படும் எந்தத் தேர்வும் குருட்டுத் தேர்வாகவே முடியும்.

பழைய வண்டியில் முதலில் கெடுவது எண்ணெய். உலோகத்துகளும் ஈரமும் கலந்து, அதன் பாகுத்தன்மை குறைந்து, திறக்கும்போது சாம்பல் நிறத்தில் ஒழுகும் எண்ணெய் தணிப்பைக் கணிசமாக இழந்திருக்கக்கூடும். அடுத்துத் தேய்வன புஷ்கள். ஃபோர்க்கின் இரு குழாய்களும் ஒன்றினுள் ஒன்று சறுக்குவதற்கு இடையே அமைந்த இந்த வளையங்களின் மேல் டெஃப்லான் பூச்சு இருக்கும். பூச்சு போய் உள்ளிருக்கும் செம்புநிற உலோகம் தெரிந்தால் அந்தப் புஷ்ஷின் ஆயுள் முடிந்தது என்று கொள்ளலாம். தேய்ந்த புஷ் குழாய்களைச் சற்றே சாய்த்துச் சிக்கவைப்பதால், சிறு கற்களைக்கூட ஃபோர்க் விழுங்காமல் கைப்பிடிக்கு நேரடியாகக் கடத்துகிறது. எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ஆயில் சீல், மண் உள்ளே புகாமல் தடுக்கும் டஸ்ட் சீல் ஆகியவற்றின் கேடு கண்ணுக்கு எளிதில் தெரிவதால் அவற்றுக்கு உரிய கவனம் எப்படியும் கிடைத்துவிடுகிறது.

எவரும் கவனிக்காத இடம் பின்பக்க லிங்கேஜ். அங்கு ஊசி பேரிங் எனப்படும் மெல்லிய உருளைகளைக் கொண்ட பேரிங்குகள் பல உள்ளன. அவை சக்கரம் வீசும் சேறும் கழுவும் நீரும் நேரே படும் இடத்தில் இருக்கின்றன. ஜப்பானிய மண்பாதை வண்டிகள் பலவற்றில் தொழிற்சாலையில் இவற்றுக்கு இடப்படும் கிரீஸ் குறைவு என்பது பணிமனைகளில் நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை. துருவேறிய பேரிங்கின் மேல் உலகின் மிகச் சிறந்த ஷாக்கை மாட்டினாலும், பின்சக்கரம் இறுக்கமாகவும் தாமதமாகவுமே அசையும். வண்டியைத் தாங்கியில் நிறுத்தி, பின்சக்கரம் தரையைத் தொடாத நிலையில் அதை விரல்களால் மெல்ல மேலே தூக்கிப் பார்க்கையில், ஷாக் அசையத் தொடங்குவதற்கு முன்பே சக்கரம் சில மி.மீ. தளர்வாக நகர்ந்தால் லிங்கேஜ் பேரிங்குகள் போய்விட்டன என்பது உறுதி. ஸ்விங்ஆர்ம் எனப்படும் பின்சக்கரத் தாங்குகையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பதும், கைப்பிடியை இடம் வலமாகத் திருப்பி நடுவில் பள்ளம் விழுந்ததுபோல் தடுக்கிறதா என்று பார்ப்பதும் இதே சோதனையின் பகுதிகள்.

ஸ்பிரிங் பற்றி நிலவும் நம்பிக்கை மட்டும் திருத்தப்படவேண்டும். பழைய ஸ்பிரிங் மென்மையாகிவிட்டது என்பது பொதுவான பேச்சு. ஆனால் எஃகுச் சுருளின் விறைப்பு, அதாவது ஒரு மி.மீ. அமுக்குவதற்குத் தேவைப்படும் விசை, கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, எஃகின் இயல்பு ஆகியவற்றால் தீர்மானிக்கப்படுவதால், கம்பி துருவால் மெலிந்தாலொழிய அது மாறுவதில்லை. நீண்டகாலப் பயன்பாட்டில் ஸ்பிரிங்கின் நீளம் சற்றுக் குறையலாம். தயாரிப்பாளரின் பணிமனைக் கையேட்டில் குறைந்தபட்ச நீளம் குறிக்கப்பட்டிருக்கும். அளந்து பார்த்து அதற்கு மேல் இருந்தால் அந்த ஸ்பிரிங் பழையதே ஆயினும் நல்லதே. மென்மை என்று உணரப்படுவது பெரும்பாலும் இறந்துபோன எண்ணெயின் விளைவு, அல்லது அந்த ஸ்பிரிங் தொடக்கத்திலிருந்தே அந்த ஓட்டுநரின் எடைக்குப் போதாது என்பதன் அடையாளம்.

அளவு எடுக்காமல் தேர்வு இல்லை

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கும் முன்னர் அளக்கவேண்டியது அமிழ்வு. வண்டி தன் எடையாலும் ஓட்டுநரின் எடையாலும் எவ்வளவு தாழ்கிறது என்பதே அமிழ்வு. அதற்குத் தேவை ஓர் அளவுநாடாவும் உடன் ஒருவருமே. பின்சக்கரம் காற்றில் தொங்கும்போது அச்சிலிருந்து நேர் மேலே பின் மட்கார்டில் குறித்துவைத்த ஒரு புள்ளி வரை உள்ள தொலைவு முதல் அளவு. வண்டி தன் எடையில் மட்டும் தரையில் நிற்கும்போது உள்ளது இரண்டாம் அளவு. ஓட்டுநர் தலைக்கவசம், பூட்ஸ் முதலிய எல்லா அணிகளுடனும் ஏறி அமர்ந்தபின் உள்ளது மூன்றாம் அளவு. முதலுக்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடு ஓட்டுநர் அமிழ்வு. முதலுக்கும் இரண்டாவதற்கும் உள்ளது தன்னமிழ்வு. பின்பக்கத்தில் ஓட்டுநர் அமிழ்வு அசைவுத் தொலைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக, டிஆர்-இசட்டில் 95 முதல் 105 மி.மீ. வரை, இருப்பது வழக்கமான இலக்கு. முன்பக்கத்தில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 70 மி.மீ. அளவில் இருந்தால் போதும்.

ஷாக்கின் மேலுள்ள வளையத்தைத் திருகி ஸ்பிரிங்கை முன்கூட்டியே சற்று அமுக்கிவைப்பது முன்னழுத்தம் எனப்படும். முன்னழுத்தத்தைக் கூட்டினால் ஸ்பிரிங் விறைப்பாகிறது என்ற எண்ணம் பரவலாக உள்ளது, அது தவறு. முன்னழுத்தம் வண்டி நிற்கும் உயரத்தை மாற்றுகிறதேயன்றி விறைப்பை மாற்றுவதில்லை. ஸ்பிரிங் ஓட்டுநருக்குப் பொருந்துகிறதா என்பதைக் காட்டுவது தன்னமிழ்வே. ஓட்டுநர் அமிழ்வை 100 மி.மீ. என்று சரிசெய்தபின், தன்னமிழ்வு 30 முதல் 40 மி.மீ. வரை இருந்தால் ஸ்பிரிங் பொருத்தமானது. அது 25 மி.மீ.-க்கும் கீழே போனால் ஸ்பிரிங் மென்மையானது. மென்மையான ஸ்பிரிங்கை 100 மி.மீ.-இல் நிறுத்துவதற்கு மிகுதியான முன்னழுத்தம் தேவைப்பட்டதால், ஓட்டுநர் இல்லாதபோது அது வண்டியை உயரத் தூக்கிவிடுகிறது என்பதே காரணம். தன்னமிழ்வு 45 மி.மீ.-ஐத் தாண்டினால் ஸ்பிரிங் தேவைக்கு மேல் விறைப்பானது. குறைந்த அமிழ்வைக் கண்டு ஸ்பிரிங் விறைப்பு என்று முடிவுகட்டி மேலும் மென்மையானதை வாங்கியவர்கள் பலர். ஆகவே இந்தத் தலைகீழ்க் கணக்கை நின்று நிதானித்துப் புரிந்துகொள்ளவேண்டும்.

இதே அளவீடு உராய்வையும் வெளிப்படுத்தும். முன்பக்கத்தை ஒருமுறை கீழே அமுக்கி மெல்ல எழவிட்டு அளந்து, பின்னர் சற்றுத் தூக்கி மெல்ல இறங்கவிட்டு அளந்தால், இரு அளவுகளும் ஒன்றாக இரா. அவற்றின் சராசரியே உண்மை அமிழ்வு. அவற்றின் இடைவெளி உராய்வின் அளவு. இடைவெளி பெரிதாக இருந்தால் புஷ்கள் தேய்ந்திருக்கின்றன, அல்லது குழாய் வளைந்திருக்கிறது, அல்லது ஃபோர்க்கின் இரு கால்களும் இணையாக இல்லாமல் அச்சில் இறுக்கப்பட்டிருக்கின்றன. மூன்றாவது காரணமாயின் செலவே இல்லை: அச்சைப் பிடிக்கும் திருகுகளைத் தளர்த்தி, முன்பக்கத்தைச் சிலமுறை அமுக்கி எழவிட்டபின் மீண்டும் இறுக்கினால் கால்கள் தாமாகவே நேர்படும்.

பழுது நீக்கும் வழி

முதல் வழி, உள்ளதைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவது. ஃபோர்க்கில் எண்ணெய், சீல்கள், புஷ்கள். ஷாக்கில் எண்ணெய், சீல் தலை, பிஸ்டன் வளையம். பின்னே லிங்கேஜ், ஸ்விங்ஆர்ம் பேரிங்குகள். வழிகள் அனைத்திலும் செலவுக்கு மிகுந்த பயன் தருவது இதுவே. இதைச் செய்யாமல் பிற வழிகளில் இறங்குவது வீண்.

டிஆர்-இசட்டின் ஃபோர்க் கார்ட்ரிட்ஜ் வகையைச் சேர்ந்தது. அதாவது தணிப்புக்கான பிஸ்டனும் வால்வுகளும் ஒரு தனிக்குழாயினுள் அமைந்து, அந்தக் குழாய் ஃபோர்க்கின் எண்ணெயில் மூழ்கி நிற்கிறது. ஓரளவு கைப்பழக்கமுள்ளவர் இதை வீட்டிலேயே பிரித்துச் சேர்க்கலாம். அடிப்போல்ட்டைத் திருகும்போது உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து சுழலும் என்பதால் அதைப் பிடித்துக்கொள்ளும் கருவி ஒன்று தேவை. புதிய சீலைச் சாய்வின்றி இறக்குவதற்கும் அதற்குரிய விட்டமுள்ள கருவி வேண்டும். கருவி இல்லாமல் திருப்புளியால் தட்டி இறக்கப்பட்ட சீல் பெரும்பாலும் விரைவிலேயே ஒழுகத் தொடங்கும்.

எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நுட்பம் உண்டு. டப்பாவின் மேல் 5டபிள்யூ, 10டபிள்யூ என்று அச்சிடப்பட்டிருப்பது எஞ்சின் ஆயிலில் உள்ளதைப்போல் ஒழுங்குபடுத்தப்பட்ட அளவன்று; ஒரு நிறுவனத்தின் 5டபிள்யூ மற்றொன்றின் 7டபிள்யூவைவிடத் தடிப்பாக இருக்கலாம். 40 பாகை செல்சியஸில் எத்தனை சென்டிஸ்டோக் என்று தரவுத்தாளில் குறிக்கப்படும் பாகுத்தன்மையே ஒப்பிடத்தக்கது. எண்ணெயின் மட்டத்தை ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுவதும் அமுக்கி, குழாயின் மேல்விளிம்பிலிருந்து கீழ்நோக்கி அளக்கவேண்டும். மட்டம் உயர உயர மேலிருக்கும் காற்றின் இடம் சுருங்கி, அசைவின் இறுதிப் பகுதியில் அந்தக் காற்று இரண்டாவது ஸ்பிரிங்காக விறைக்கும். தாவிக் குதிக்கையில் ஃபோர்க் அடியில் மோதுகிறது என்றால், வேறொன்றும் செய்யாமல் மட்டத்தைச் சில மி.மீ. உயர்த்திப் பார்ப்பதே மிக மலிவான சோதனை.

ஒழுகும் ஃபோர்க் எல்லாம் புதிய சீலைக் கேட்பதில்லை. சீலின் உதட்டினடியில் மணல் சிக்கியதே காரணமாயின், டஸ்ட் சீலைக் கீழிறக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை உதட்டினடியில் செருகிச் சுற்றி இழுத்தால் மணல் வெளியேறி ஒழுக்கு நின்றுவிடும். மாறாக, குழாயின் குரோம் பூச்சில் துருப்புள்ளிகள் விழுந்திருந்தால் எத்தனை சீல் மாற்றினாலும் அவை அறுபட்டுக்கொண்டே இருக்கும். தனித்த சிறு கீறலின் மேடான விளிம்பை மிக நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்யலாம். சீல் சறுக்கும் பகுதி முழுதும் புள்ளிகளாயின் மறுகுரோம் பூச்சோ புதிய குழாயோதான் தீர்வு. ஃபோர்க்கின் மேல் ரப்பர் உறை உள்ள வண்டிகளில் உறைக்கடியில் தேங்கும் ஈரம் கண்ணுக்குப் படாமலே துருவை வளர்ப்பதால், பழைய வண்டி வாங்குவோர் உறையைத் தூக்கிப் பார்த்தே விலை பேசவேண்டும்.

ஷாக்கின் நிலை வேறு. அதில் உள்ள எண்ணெய் அரை லிட்டருக்கும் குறைவு. எஞ்சினுக்கும் புகைக்குழாய்க்கும் அருகில் அது எப்போதும் சூடாகவே இருக்கிறது. ஆகையால் ஃபோர்க்கின் எண்ணெயைவிட விரைவில் கெடுகிறது. இருந்தும், வெளியே தெரியாத காரணத்தால், வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடத் திறக்கப்படாத ஷாக்குகளே மிகுதி. ஷாக்கின் பக்கத்திலுள்ள தனிக்கலத்தில் ஒரு ரப்பர்ப் பையினுள் நைட்ரஜன் வாயு அடைக்கப்பட்டிருக்கிறது. அழுத்தம் ஏறத்தாழ 10 பார்; எண்ணெய் வேகமாகப் பாயும்போது நுரைத்துக் குமிழாகாமல் காப்பது இந்த அழுத்தமே. ஷாக்கின் தண்டு 16 மி.மீ. விட்டமுடையது என்று கொண்டால், அந்த அழுத்தம் தண்டை ஏறத்தாழ 20 கிலோ விசையுடன் வெளியே தள்ளவேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுத் தண்டை உள்ளே அழுத்தும்போது, அது தானாக வெளிவராமல் உள்ளேயே நின்றுவிட்டால் வாயு போய்விட்டது. இடையில் தடையின்றி நழுவினால் எண்ணெயில் காற்று புகுந்துவிட்டது. நைட்ரஜனை முதலில் வால்வு வழியே விடுவிக்காமல் ஷாக்கைத் திறப்பது உயிருக்கே ஆபத்து. மீண்டும் நிரப்புவதற்கும் உயர் அழுத்தக் கருவிகள் தேவை. டயருக்கு அடிக்கும் காற்று ஈரத்தையும் ஆக்சிஜனையும் கொண்டிருப்பதால் அதை மாற்றாகக் கொள்ளக்கூடாது. ஃபோர்க்கை வீட்டிலும் ஷாக்கைத் தேர்ந்த பணிமனையிலும் செய்துகொள்வதே அறிவார்ந்த பிரிவினை.

லிங்கேஜுக்குத் தேவைப்படுவது பணத்தைவிட உழைப்பே. பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, நல்லவற்றுக்கு நீரைத் தாங்கும் கிரீஸை நிறைய இட்டு, துருவேறியவற்றை உள் வளையத்துடன் மாற்றவேண்டும். ஒரு விடுமுறை நாள் போதும்.

ஸ்பிரிங்கும் வால்வும்

பழுது நீங்கிய பின்னும் அமிழ்வுக் கணக்கு பொருந்தவில்லையெனில் ஸ்பிரிங்கை மாற்றுவது இரண்டாம் வழி. டிஆர்-இசட்400எஸ் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே சாலைப் பயணத்தின் சொகுசுக்காக மென்மையான ஸ்பிரிங்குகளோடு வருகிறது. உடல் எடை மிக்கவர்களுக்கும் பயணச்சுமை ஏற்றுவோருக்கும் அவை போதா. ஸ்பிரிங் தயாரிப்பாளர்கள் ஓட்டுநரின் எடைக்கேற்ற அட்டவணை தருகின்றனர். அதில் எடையை அணிகளுடன் கூட்டியே பார்க்கவேண்டும். விறைப்பு சில அட்டவணைகளில் ஒரு மி.மீ.-க்கு இத்தனை கிலோ என்றும், சிலவற்றில் இத்தனை நியூட்டன் என்றும் குறிக்கப்படும், முன்னதை 9.8-ஆல் பெருக்கினால் பின்னது கிடைக்கும். ஃபோர்க்கில் இரு கால்களும் சேர்ந்தே சுமப்பதால், ஒரு காலில் 0.46-உம் மறு காலில் 0.48-உம் இட்டு 0.47-இன் பயனைப் பெறுவதும் ஏற்கப்பட்ட நடைமுறை. முன்பக்கத்தை மட்டும் விறைப்பாக்கிப் பின்பக்கத்தை விட்டுவிடுவது பணம் குறைந்தவர்கள் செய்யும் சமரசம். அது வண்டியின் நிலைப்பைக் கெடுத்து, வளைவில் முன்சக்கரம் அகலப் போகும்படி செய்துவிடும்.

விறைப்பான ஸ்பிரிங் அமுங்கும்போது மிகுந்த ஆற்றலைச் சேர்த்துவைத்து, நீளும்போது அதே வேகத்தில் திருப்பித் தருவதால், மீள்நீட்சித் தணிப்பையும் கூட்டவேண்டும். ஓரிரு படி விறைப்புக்கு, ஃபோர்க்கிலும் ஷாக்கிலும் மீள்நீட்சிக்கான கிளிக் திருகு இருந்தால் அதுவே போதும். திருகை முழுவதும் மூடி, அங்கிருந்து எத்தனை கிளிக் திறக்கப்பட்டது என்று எண்ணுவதே மரபு. ஆனால் இந்தத் திருகுகள் மெதுவான அசைவுகளுக்கான சிறு வழியை மட்டுமே திறந்து மூடுகின்றன. கல்லில் மோதும்போது நிகழும் வேகமான அசைவுகளை ஆள்பவை பிஸ்டனின் மேல் அடுக்கப்பட்ட ஷிம்கள், அதாவது வளைந்து வழிவிடும் மெல்லிய எஃகு வட்டுகள். அந்த அடுக்கை ஓட்டுநருக்கும் நிலத்துக்கும் ஏற்ப மாற்றியமைப்பது மூன்றாம் வழி. எண்ணெய் மாற்றத்துக்காக ஃபோர்க்கும் ஷாக்கும் திறக்கப்படும் அதே வேளையில் இதையும் செய்தால் கூலி ஒருமுறையே ஆகும் என்பது இதன் சாதகம். வேகம், எடை, ஓடும் நிலம் ஆகியவற்றைக் கேட்டறியாமல் ஒரே அடுக்கை எல்லார்க்கும் போடும் பணிமனையிடம் இவ்வேலையைத் தரலாகாது.

எல்லாப் பழைய வண்டிகளும் கார்ட்ரிட்ஜ் ஃபோர்க் கொண்டவை அல்ல. அதே நிறுவனத்தின் டிஆர்650எஸ்இ, 1996 முதல், 43 மி.மீ. விட்டத்தில் டேம்பர் ராட் வகை ஃபோர்க்குடனே விற்கப்படுகிறது. இந்தியாவில் 2019-இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வண்டியின் 37 மி.மீ. ஃபோர்க்கும் இதே வகை. இதில் ஷிம்கள் இல்லை. நடுவிலுள்ள ஒரு குழாயின் மாறாத் துளைகள் வழியே எண்ணெய் பிதுங்குவதே தணிப்பு. துளை வழியே பாயும் எண்ணெயின் தடை வேகத்தின் இருமடியாக உயர்வதால், மெதுவான அசைவில் ஃபோர்க் தொய்வாகவும், கூரிய கல்லில் கல்லாகவும் நடந்துகொள்கிறது. தடித்த எண்ணெய் ஊற்றினால் முன்னது சற்றுக் குறைந்து பின்னது மேலும் மோசமாகும். இதற்கெனவே எமுலேட்டர் என்னும் சிறு வால்வு உருவாயிற்று. டேம்பர் ராடின் தலைமேல் அமர்ந்து ஸ்பிரிங்கால் பிடிக்கப்படும் அது, வேகமான அடியில் திறந்து வழிவிடுகிறது. ராடின் பழைய துளைகளைப் பெரிதாக்கினால்தான் அமுக்கத் தணிப்பு முழுவதும் எமுலேட்டரின் கைக்கு வரும். மீள்நீட்சி பழையபடி ராடாலேயே ஆளப்படுவதால் அதற்கேற்ற பாகுத்தன்மையில் எண்ணெய் ஊற்றவேண்டும். டேம்பர் ராட் வண்டி வைத்திருப்போருக்கு, ஸ்பிரிங்குடன் சேர்ந்த எமுலேட்டரே செலவிட்ட பணத்துக்கு மிக வெளிப்படையான மாற்றத்தைத் தரும் வழி.

மாற்றிப் பொருத்துவது

மோட்டோகிராஸ் வண்டியின் தலைகீழ் ஃபோர்க்கை, அதாவது தடித்த குழாய் மேலே அமைந்த வகையை, பழைய வண்டியில் பொருத்துவது பலருக்குக் கனவு. சுஸுகியே 2005-இல் டிஆர்-இசட்400எஸ்எம் என்னும் சாலைவகை மாதிரியில் 47 மி.மீ. தலைகீழ் ஃபோர்க்கைப் பொருத்தியதால், அதையோ ஆர்எம் மோட்டோகிராஸ் வண்டியினதையோ எஸ் மாதிரிக்கு மாற்றுவது நன்கு நடைபழகிய வேலை. வளையாத உறுதி இதன் உண்மையான பயன். வேகமாக ஓட்டி உயரத் தாவுவோர்க்கு அது தெரியும்.

ஆனால் ஃபோர்க்கின் விலை செலவின் தொடக்கம் மட்டுமே. ஃபோர்க்கைத் தாங்கும் கிளாம்புகள், ஸ்டீயரிங் தண்டு, அச்சு, சக்கரம், பிரேக் காலிப்பர், வேகமானி இணைப்பு ஆகியவை ஒவ்வொன்றாகப் பின்தொடரும். எஸ்எம் ஃபோர்க்கின் அசைவுத் தொலைவு ஏறத்தாழ 260 மி.மீ. மட்டுமே, மண்பாதைக்கு அது பின்னடைவு. ஆர்எம் ஃபோர்க்கோ, டிஆர்-இசட்டைவிட மிக இலேசான, உயரத் தாவி இறங்கும் பந்தய வண்டிக்காக வால்வு அமைக்கப்பட்டது. மெதுவான பாறைப் பாதையில் அது கைகளை வருத்தும், ஆகவே அதற்கும் ஸ்பிரிங்கும் வால்வும் திருத்தியாகவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய கடையில் வாங்கும் ஃபோர்க் இன்னொருவர் தேய்த்த ஃபோர்க். புஷ்ஷும் சீலும் எண்ணெயும் அதற்கும் வேண்டும். 49 மி.மீ. கார்ட்ரிட்ஜ் ஃபோர்க் ஏற்கெனவே உறுதியானது என்பதால், டிஆர்-இசட் எஸ் வைத்திருக்கும் பெரும்பாலோர்க்கு இந்த வழி தேவையற்றது என்பதே இவ்வழிகாட்டியின் தெளிந்த கருத்து.

புதிய ஷாக் வாங்குவது வேறு கணக்கு. 1976-இல் ஸ்வீடனில் கென்த் ஓலின் தொடங்கிய நிறுவனத்தின் ஷாக்குகள், 1978-இல் கென்னடி மொய்செயெவ் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டம் வென்றபோது அவருடைய கேடிஎம் வண்டியில் இருந்தன. அத்தகைய தனி நிறுவனங்களின் ஷாக்குகள் தரத்தில் உயர்ந்தவை என்பதில் ஐயமில்லை. அவற்றை வாங்குவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு: மூல ஷாக்கின் உடல் திறக்கவே முடியாதபடி மடித்து மூடப்பட்டிருப்பது, அல்லது தண்டு வளைந்தோ உருளையின் உட்சுவர் கீறியோ போய் உதிரிபாகம் கிடைக்காதிருப்பது, அல்லது நெடும்பயணச் சுமையுடன் நாள் முழுதும் கரடுமுரடான பாதையில் ஓடுவதால் எண்ணெய் சூடேறித் தணிப்பு மங்குவது. டிஆர்-இசட்டின் மூல ஷாக் திறந்து பழுது பார்க்கக்கூடியது. அமுக்கத்தையும் மீள்நீட்சியையும் தனித்தனியே திருத்தும் திருகுகள் கொண்டது. சரியான ஸ்பிரிங்கும் புதிய எண்ணெயும் சீலும் பெற்ற அந்த ஷாக்கும் புதிய ஷாக்கும் வார இறுதிப் பாதைகளில் காட்டும் வேறுபாடு, விலைகளின் வேறுபாட்டுக்கு ஈடாவதில்லை.

யாருக்கு எது

அணிகளுடன் 75 கிலோவுக்கு உட்பட்டு, மண்பாதையில் மிதமாக ஓட்டுபவர் பழுது நீக்குவதோடு நின்றுவிடலாம். அமிழ்வு பொருந்தியே இருக்க வாய்ப்பு மிகுதி. எடை அதற்கு மேல் கணிசமாகக் கூடியவருக்கு முன்பின் ஸ்பிரிங்குகள் இரண்டும் கட்டாயம். தன்னமிழ்வே அதற்குச் சான்றளிக்கும். ஸ்பிரிங் சரியாகி, திருகுகள் எல்லைவரை திருப்பப்பட்டும் கற்களில் கை மரத்துப்போகிறது என்பவர் வால்வுத் திருத்தத்துக்குச் செல்லவேண்டும். போட்டிகளில் ஓட்டுபவர் ஃபோர்க்கை மாற்றுவதற்குச் செலவிடும் தொகையைப் பழைய வண்டியின் விற்பனை விலையோடு கூட்டிப் பார்த்தால், இலேசான வேறொரு வண்டியே கைக்கு எட்டும் தொலைவில் இருப்பதைக் காணக்கூடும். அந்நிலையில் வண்டியை மாற்றுவதே நேர்மையான விடை. உதிரிபாகமே அரிதாகிவிட்ட 1980-களின் வண்டியை மீட்போர் மட்டும் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, குழாய்களும் தண்டும் மீட்கத்தக்க நிலையில் உள்ளனவா என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டே சீலும் புஷ்ஷும் தேடவேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், பிரிப்பதற்கு முன் இருந்த அமிழ்வு அளவுகள், கிளிக்குகளின் எண்ணிக்கை, எண்ணெயின் பெயரும் மட்டமும், வேலை முடிந்த நாள் ஆகியவற்றை வாசகர் ஒரு தாளில் எழுதி வண்டியின் ஆவணங்களோடு வைத்துக்கொள்ளவேண்டும். அடுத்தமுறை ஷாக்கைத் திறக்கும் பணிமனையாளருக்கு அதைவிடப் பயனுள்ள தகவலை எவரும் தரமுடியாது.